கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு

அன்பானவர்களே, "இரட்சிக்கப்படும் அளவுக்கு எனக்கு விசுவாசம் இருக்கிறதா?" பல வருடங்களாகச் சபைக்கு வருகிறவர்கள்கூட இதைத் தணிந்த குரலில் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

எபேசியர் 2:8ஐ மெதுவாக வாசியுங்கள். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்." பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டு சொற்களுக்கும் ஒரே உருபைப் போட்டுவிடவில்லை. கிரேக்க மூலத்திலும் அவை வேறு வேறு அமைப்புகளே. கிருபை என்றால் நம் தகுதியைப் பாராமல் தேவன் காட்டும் தயவு. 'கிருபையினாலே' என்பது காரணம். 'விசுவாசத்தைக்கொண்டு' என்பது பெற்றுக்கொள்ளும் கை. நாமோ இதை மாற்றிப்போட்டு, விசுவாசத்தினாலே கிருபையைச் சம்பாதிக்கப் பார்க்கிறோம். அப்போது விசுவாசமும் ஒரு கிரியை, நாம் செய்து காட்டவேண்டிய ஒரு செயல், ஆகிவிடுகிறது! போதுமா போதாதா என்று அதையும் தினம் நிறுத்துப் பார்க்கிறோம். அஸ்திபாரம் கிறிஸ்து சிலுவையில் செய்து முடித்தது. அதைப் பற்றியிருக்கும் என் பிடியின் பலம் அல்ல.

ஆபிரகாமைப் பாருங்கள். ஆதியாகமம் 15இல் அவர் கர்த்தரை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. தேவனுடைய உடன்படிக்கைக்கு அடையாளமாக நுனித்தோலை அகற்றும் விருத்தசேதனம் 17ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது, அவருக்கு 99 வயதில். நடுவில் இஸ்மவேல் பிறந்தபோது அவருக்கு வயது 86. அப்படியென்றால் குறைந்தது 13 வருட இடைவெளி. பவுல் ரோமர் 4இல் இந்த வரிசையைத்தான் பிடித்துக்கொள்கிறார்: எப்போது எண்ணப்பட்டது? விருத்தசேதனத்துக்கு முன்னா, பின்னா? முன்புதான்; ஆகவே அது கிரியைக்குக் கிடைத்த கூலி அல்ல. எனக்கு வேதத்தில் மிகவும் பிடித்த வாதங்களில் இது ஒன்று.

சரி, "கிரியையில்லாத விசுவாசம் செத்தது" என்று யாக்கோபு எழுதியிருக்கிறாரே? தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய ஆபிரகாமை யாக்கோபு காட்டுகிறார். அது 22ஆம் அதிகாரம். விசுவாசம் என்ற வேர் 15இல், கிரியை என்ற கனி 22இல்.

விசுவாசமா, கிரியையா என்ற இந்தக் கேள்விக்காகச் சபைகள் நூற்றாண்டுக்கணக்கில் பிரிந்து நின்றன. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் மார்ட்டின் லூதரின் வழிவந்த சபைகளின் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. கடவுள் நம்மை ஏற்பது நம் தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். எல்லா வேறுபாடும் அதோடு தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் எனக்கு அது பெரிய சந்தோஷம்.

அப்புறம், அந்தத் தணிந்த குரலுக்கு வருகிறேன். மாற்கு 9இல் ஒரு தகப்பன் தன் மகனுக்காகக் கண்ணீரோடு கதறுகிறார்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இயேசு அவருடைய விசுவாசத்தை அளந்து பார்க்கவில்லை. பையனைக் கையைப் பிடித்துத் தூக்கினார். அவன் எழுந்து நின்றான்.