முதுகெலும்பு வாதம்: "மாத்திரை கேக்கலை"ன்னு சொல்றதுக்கு முன்னாடி

வணக்கம்ங்க. அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்ங்கிற இந்த முதுகெலும்பு வாதம் இருக்கிறவங்களுக்கு முதல்ல எழுதிக் குடுக்கிறது நாப்ராக்ஸன், எட்டோரிகாக்ஸிப், இண்டோமெத்தசின் மாதிரி அழற்சியை அடக்குற வலி மாத்திரைங்கதான். "போட்டேன், கேக்கலை"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. விசாரிச்சா, வலிச்ச அன்னிக்கு மட்டும் ஒண்ணு போட்டிருப்பாங்க. அப்படிப் போட்டா மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது.

இந்த நோய்ல வலிக்குக் காரணம் அழற்சி, அதாவது இன்ஃப்ளமேஷன். அதனாலதான் படுத்துக் கிடந்தா முதுகு இறுகுது, நடமாடினா இளகுது. பாராசிட்டமால் அழற்சியை அடக்காது. அதை அடக்கணும்னா முழு டோஸ் தினமும் உடம்புல இருக்கணும். நாப்ராக்ஸன்னா பொதுவா 500 மில்லிகிராம், காலையிலயும் ராத்திரியும், சாப்பிட்டதும். எட்டோரிகாக்ஸிப்னா 60 மில்லிகிராம் அல்லது 90 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தடவைதான். எது உங்களுக்கு ஒத்துவரும்னு டாக்டர் சொல்லணும். ரெண்டுல இருந்து நாலு வாரம் விடாம போட்டும் தேறலைன்னா வேற மாத்திரைக்கு மாத்துவாங்க. ஒண்ணு கேக்காத உடம்புக்கு இன்னொண்ணு கேக்குறது சகஜம். ரெண்டும் பலிக்கலைன்னாதான் அடாலிமுமாப், செகுகினுமாப் மாதிரி ஊசி. அதுக்கு முன்னாடி டிபி டெஸ்ட் கட்டாயம். மூட்டு வாதத்துக்குக் குடுக்கிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கைகால் மூட்டுக்கு உதவலாம், முதுகெலும்புக்கு உதவாது.

இப்ப சொல்றதைக் கவனமா கேளுங்க. நாப்ராக்ஸன் ஓடிட்டு இருக்கும்போதே மெடிக்கல்ல அதே வகையைச் சேர்ந்த அசெக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீங்க. பலன் கூடாது, வயித்துல புண்தான் கூடும். ஏற்கனவே அல்சர் வந்தவங்க, வயசானவங்களுக்குக் காலையில வெறும் வயித்துல அமிலத்தைக் குறைக்கிற பான்டோப்ரசோலும் சேர்த்துக் குடுப்பாங்க. மலம் தார் மாதிரி கறுப்பாப் போனா மாத்திரையை நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கிட்னிக்குப் போற ரத்தக்குழாயை விரிச்சு வைக்கிற ப்ராஸ்டாகிளாண்டின்ங்கிற பொருளையும் இந்த வலி மாத்திரைங்க குறைச்சிடும். டெல்மிசார்டான் மாதிரி பிரஷர் மாத்திரையோட, நீர் பிரிய வைக்கிற மாத்திரையும் எடுக்கிறவங்களுக்கு ஆபத்து ரொம்ப அதிகம். வாந்தி பேதி வந்து உடம்புல தண்ணி வத்தினா கிட்னி திடீர்னு படுத்திடலாம். அதனால ஆரம்பிக்கும்போதே கிரியேட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட்), பிரஷர் ரெண்டும் பாருங்க. தொடர்ந்து போடுறவங்க டாக்டர் சொல்ற இடைவெளியில திரும்பப் பாருங்க. பிரஷர் 140/90-க்கு மேலயே நிக்குதுன்னா எட்டோரிகாக்ஸிப் வேண்டாம். கர்ப்பமா இருந்தா, 20 வாரம் தாண்டினதும் இந்த வகையையே தவிர்க்கணும்.

காலையில எழுந்ததும் விறைப்பு எத்தனை நிமிஷம் நிக்குதுன்னு தினமும் குறிச்சு வைங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்ட அந்த நோட்டைக் காட்டுங்க. டோஸைக் குறைக்கிறதா, மாத்திரையை மாத்துறதான்னு அதை வச்சு முடிவெடுக்கலாம்.