வில்லையின் பின்புறத்து எண்

தலைவர் அவர்களே, பதக்கச் சேகரிப்பில் என்னைவிட நெடுநாள் பழகிய பெரியோர்களே, வணக்கம்.

என் கையில் இருப்பது 33 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வெள்ளி வில்லை. நடுவே ஜி.ஆர்.ஐ. என்னும் மன்னரின் எழுத்துகள் பின்னிக் கிடக்கின்றன, மேலே மணிமுடி, சுற்று வளையத்தில் ‘மன்னருக்கும் பேரரசுக்கும் ஆற்றிய பணி’ என்று பொருள்படும் ஆங்கில வாசகம். திருப்பினால் சட்டையில் குத்தும் ஊசியும் ஓர் எண்ணும் உண்டு, பெயர் கிடையாது. முதல் உலகப் போரின்போது காயத்தாலோ நோயாலோ படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்காக 1916 செப்டம்பரில் பிரிட்டனில் ஏற்படுத்தப்பட்ட இந்தச் ‘சில்வர் வார் பேட்ஜ்’ ஏறத்தாழ 11.5 லட்சம் பேருக்கு வழங்கப்பட்டது.

இதற்கான தேவை தெருவில் பிறந்தது. 1914 ஆகஸ்டில் ஃபோக்ஸ்டன் நகரில் அட்மிரல் சார்லஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு பெண்களைத் திரட்டி, சீருடையில்லாத இளைஞர்களின் கையில் கோழைத்தனத்தின் அடையாளமாக வெள்ளை இறகைக் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். கால் இழந்தவரைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். நச்சுப்புகையில் நுரையீரல் கெட்டவரிடம் வெளியே காட்ட என்ன இருந்தது? ஆகவேதான் இதைச் சாதாரண உடையில், வலப்பக்க மார்பில் அணிய வேண்டும் என்றும், படைச் சீருடையில் அணியலாகாது என்றும் விதித்தார்கள். ஆயினும் விடுவிக்கப்பட்டவர்களையே மறுபடி மருத்துவச் சோதனைக்கு அழைக்க 1917-இல் ஒரு சட்டம் வந்தது. இறகு நீட்டியவர்களுக்குப் பதில் சொன்ன வில்லையால் அரசாங்கத்துக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

இனி, ஆய்வுக்கு வருகிறேன். முதல் வில்லையை வாங்கியபோது, பின்புறத்து எண்ணைப் படைவீரரின் படைப்பிரிவு எண் என்றே எடுத்துக்கொண்டு, அதே எண்ணுடைய வேறு ஒருவரின் வரலாற்றை ஓராண்டுக் காலம் ஆசையோடு எழுதிக்கொண்டிருந்தேன். அது வில்லைக்கு மட்டும் உரிய வரிசை எண். தரைப்படை வில்லையில் வெறும் எண் இருக்கும், கடற்படைக்கு ஆர்.என்., இந்தியாவுக்கு ஐ, ஆஸ்திரேலியாவுக்கு ஏ என்று முன்னெழுத்து சேரும். அந்த எண்ணைக் கொண்டு, லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவேட்டில் தேடினால் பெயர், படைப்பிரிவு, சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், காரணம், வெளிநாட்டில் பணியாற்றினாரா என்ற விவரம் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். 1940 செப்டம்பரில் நடந்த குண்டுவீச்சில் லண்டன் கிடங்கொன்று தீப்பிடித்துப் படைவீரர்களின் பணிக்கோப்புகளில் பாதிக்கு மேல் அழிந்துபோனதால், பலருக்கு இந்த வரியையும், பெற்ற பதக்கங்களைக் குறித்துவைத்த பதக்க அட்டையையும் விட்டால் வேறு தடயம் கிடைப்பது அரிது.

அந்த வரியில் நான் முதலில் பார்ப்பது வெளிநாட்டுப் பணியைக் குறிக்கும் கடைசிக் கட்டத்தைத்தான். அங்கே ‘இல்லை’ என்றிருந்தால், அவர் கடல் கடக்காத தரைப்படை வீரர். போர்ப் பதக்கம் எதுவும் அவருக்குக் கிடைத்திருக்காது. இந்த வில்லையே அவர் பெற்ற ஒரே அங்கீகாரம். சந்தையிலோ ‘காயம்’ என்று பதிவான வில்லைக்கு ஒரு விலை, ‘நோய்’ என்று பதிவான வில்லைக்கு அதைவிடக் குறைந்த விலை. இந்தப் பாகுபாடு எனக்கு உடன்பாடில்லை. வழங்கியவர்களே இரண்டுக்கும் ஒரே வெள்ளியைத்தான் கொடுத்தார்கள். அதைவிடக் கேடு, விற்பவர்கள் பதக்கங்களை ஒருவருக்கும் வில்லையை வேறொருவருக்குமாகப் பிரித்து விற்பது. பதக்கத்தின் விளிம்பில் பெயர் இருப்பதால் அதற்கு மதிப்பு நிற்கிறது, வில்லையோ அநாதையாகிவிடுகிறது.

என் கையிலுள்ள வில்லைக்கு உரியவர் படையில் இருந்தது ஐந்தே மாதம். காரணம் நோய்; கடைசிக் கட்டத்தில் ‘இல்லை’. ஊசியின் கொக்கி தேய்ந்து ஒருபுறம் வளைந்திருப்பதைப் பார்த்தால், இதை அவர் நெடுங்காலம் குத்திக்கொண்டு நடந்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். மேசைமேல் வைக்கிறேன், எடுத்துப் பாருங்கள். துணிகொண்டு துடைக்க மட்டும் வேண்டாம்.