பள்ளி மூடிய நாள்களில் ஒரு பந்தி

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கு விடுமுறை என்றதும் துள்ளிக் குதிக்காத பிள்ளை உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே என் விடை. அந்தப் பிள்ளையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பள்ளியில் கிடைக்கும் உணவே அன்றைய நாளின் வயிறு நிறைந்த ஒரே வேளையாக இருக்கும் பிள்ளைக்கு, சனி ஞாயிறும், பண்டிகை விடுப்பும், ஆண்டு இறுதியின் நீண்ட விடுமுறையும் பசியோடு விடிகின்ற நாள்கள். பள்ளி நடக்கும் நாளிலும்கூட, காலை மணி அடிப்பதற்கு முன்பும் மாலை மணி அடித்த பின்பும் உள்ள நேரத்தை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அந்த நேரங்களில் பிள்ளைகளுக்கு உணவளிக்க முன்வரும் தொண்டர்களை எண்ணியே இன்று பேசுகிறேன்.

சட்டங்களை எடுத்துப் பார்த்தால் இந்த இடைவெளி எழுத்திலேயே இருப்பது தெரியும். இந்தியாவில் 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள்கள் சமைத்த உணவு தரப்பட வேண்டும் என்றது. ஆண்டுக்கு 365 நாள்கள். 200 போக எஞ்சுவது 165. 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும், பள்ளி விடுமுறை நாள்கள் நீங்கலாக ஒவ்வொரு நாளும் மதிய உணவு என்றுதான் சொல்கிறது. வறட்சி பாதித்த பகுதிகளில் மட்டுமாவது கோடை விடுமுறையிலும் உணவு வழங்க வேண்டும் என்று 2004 ஏப்ரலில் நீதிமன்றம் கூறியது, விடுமுறையின் பசியை அது அறிந்திருந்தது என்பதைக் காட்டுகிறது. இந்தச் சட்டங்களால் பசியாறிய பிள்ளைகள் கோடிக்கணக்கானோர். அவற்றைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. நாள்காட்டியில் சட்டம் தொடாமல் விட்ட கட்டங்களில் என்ன நடக்கிறது என்பதே என் கவலை.

இந்தக் கவலை புதியதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதைத் தராசில் நிறுத்துக் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த வரலாறு அது. எங்கு பேசச் சென்றாலும் அதைச் சொல்லாமல் நான் திரும்புவதில்லை. இங்கிலாந்தின் வடக்கே பிராட்ஃபோர்ட் என்ற நெசவாலை நகரம். 1907-ஆம் ஆண்டு. அந்நகரப் பள்ளிகளின் மருத்துவ அதிகாரி ரால்ஃப் குரோலி என்பவரும், மனையியல் பாடங்களின் மேற்பார்வையாளரான மரியன் கஃப் என்ற அம்மையாரும் சேர்ந்து, மிக ஏழ்மையான பகுதிகளிலிருந்து 40 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஏப்ரல் முதல் ஜூலை வரை பள்ளி நாள்களில் காலையும் மதியமும் நல்ல உணவு கொடுத்து, அவர்களுடைய எடையைத் தொடர்ந்து குறித்துவந்தனர். அப்படி உணவு பெறாத வேறு பிள்ளைகளின் எடையையும் ஒப்பிடுவதற்காகக் குறித்துக்கொண்டனர். உணவு பெற்ற பிள்ளைகளின் எடை மற்றவர்களுடையதைவிடத் தெளிவாகக் கூடியது. அதில் வியப்பில்லை, சோறிட்டால் உடம்பு தேறும் என்பதை அறிய மருத்துவர் வேண்டியதில்லை.

இடையில் கிறித்தவர்களின் பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டி ஒரு விடுமுறை வந்தது. பள்ளி மூடியது; பந்தியும் நின்றது. விடுமுறை முடிந்து பிள்ளைகளை மீண்டும் நிறுத்துப் பார்த்தபோது எடை இறங்கியிருந்தது. குரோலியின் அறிக்கையில் இதைக் காட்டும் கோட்டுப்படம் ஒன்று உண்டு. வானொலியில் அதைக் காட்ட இயலாது, காட்டவும் தேவையில்லை. மேலே ஏறிக்கொண்டே வந்த கோடு விடுமுறையில் கீழே விழுந்து, பள்ளி திறந்ததும் மறுபடி ஏறுகிறது, அவ்வளவுதான். பிள்ளைகளும் அவர்களே, வீடுகளும் அவையே. பள்ளிக் கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது ஒன்றே மாறியது.

அந்தப் பந்தி எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் பேச வந்ததே அதில்தான் இருக்கிறது. மேசைகளுக்குத் துணி விரித்திருந்தார்கள், மலர்கள் வைத்திருந்தார்கள், மூத்த சிறுமியரே தூய மேலாடை அணிந்து மற்றவர்களுக்குப் பரிமாறினார்கள். பசித்த பிள்ளைக்குப் பூ எதற்கு என்று கேட்கலாம். விருந்துக்கு வந்தவராக அமர்வதற்கும் கையேந்தி நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை எட்டு வயதுப் பிள்ளை நம்மைவிட நன்றாக அறியும் என்பதே என் விடை.

அக்காலத்தில் இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்த, பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கான 1906-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளி நடக்கும் நாள்களுக்கு மட்டுமே உரியது என்று பொருள் கொள்ளப்பட்டது. விடுமுறை நாள் உணவுக்கு நன்கொடையாளர்களையே நம்ப வேண்டியிருந்தது. விடுமுறையிலும் பொதுப்பணத்தில் உணவளிக்கலாம் என்ற திருத்தம் 1914-இல்தான் வந்தது. தராசு உண்மையைச் சொல்லிச் சில ஆண்டுகள் கழித்தே சட்டம் அதைக் கேட்டது. அமெரிக்காவிலும் பள்ளிக்கு முந்தைய நேரத்தின் கதை இதைப் போன்றதே. 1969 ஜனவரியில் ஓக்லாந்து நகரின் ஒரு தேவாலயத்தில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் பிள்ளைகளுக்குக் காலை உணவு அளிக்கத் தொடங்கினர். சோதனை அளவில் நடந்துவந்த அரசின் காலை உணவுத் திட்டம் 1975-இல்தான் நிரந்தரமானது. அரசு வந்துசேரும் வரை அடுப்பை அணையாமல் காப்பது தொண்டர்களின் வேலையாகவே பல இடங்களில் இருந்துவந்திருக்கிறது.

இப்போது கூச்சத்துக்கு வருகிறேன். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து உண்ணும்போது, யாருடைய வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது யாருக்கும் தெரிவதில்லை. பள்ளி அந்தப் பிள்ளைக்கு உணவோடு சேர்த்து ஒரு மறைப்பையும் கொடுக்கிறது. பள்ளி மூடும் நாளில் உணவும் போகிறது, அந்த மறைப்பும் போகிறது. உணவைத் திரும்பக் கொண்டுவரத் தொண்டர்கள் அரும்பாடு படுகிறார்கள். மறைப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. அதனால்தான் நல்ல உணவு சமைத்துக் காத்திருந்தும், வர வேண்டிய பிள்ளைகள் வராமல் பாத்திரம் அப்படியே திரும்புகிறது. வறுமைக்குச் சான்று கேட்கும் வாசலுக்கும், பெயரும் தந்தையின் வருமானமும் எழுதிக்கொள்ளும் வாசலுக்கும், உணவுப் பொட்டலத்தோடு நிற்கவைத்துப் படம் எடுக்கும் வாசலுக்கும் பிள்ளை ஒருமுறை வரும், மறுமுறை வராது. ஆகவே சொல்கிறேன், வாசலில் கேள்வி கேட்காதீர்கள். தேவையில்லாத பிள்ளை ஒன்று வந்து உண்டுவிட்டுப் போவதால் ஏற்படும் இழப்பு ஒரு வேளைச் சாப்பாடு. தேவையுள்ள பிள்ளை திரும்பிப் போவதால் ஏற்படும் இழப்பைக் கணக்கிட என்னிடம் அளவுகோல் இல்லை.

அமெரிக்காவின் கோடைக்கால உணவுத் திட்டத்தில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஏழ்மை மிகுந்த பகுதி என்று அடையாளம் காணப்பட்ட இடத்தில் திறந்த உணவு மையம் அமைந்துவிட்டால், அங்கு வரும் 18 வயது வரையிலான எந்தப் பிள்ளையும் எந்தச் சான்றும் காட்டாமல் உண்ணலாம். ஏழ்மையை ஊருக்கு அளக்கிறார்கள், பிள்ளைக்கு அளப்பதில்லை. ஆனால் அதே திட்டத்தில், உணவை அங்கேயே அமர்ந்து உண்ண வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. சிதறிய குடியிருப்புகளில் வண்டி வசதியின்றி வாழும் பிள்ளைகளுக்கு அது எட்டாத பந்தியாயிற்று. 2022 இறுதியில் நிறைவேறிய சட்டத்துக்குப் பிறகே கிராமப்புறங்களில் உணவை எடுத்துச் செல்லவும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தரவும் நிலையான வழி பிறந்தது. நீங்கள் மையம் அமைக்க இடம் தேடும்போது, அங்கு ஆறு வயதுப் பிள்ளை நடந்து வர முடியுமா, பெருஞ்சாலை எதையும் கடக்க வேண்டுமா என்று முதலில் பாருங்கள்.

வார இறுதிக்கு வேறு வழி. அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் ஒரு பள்ளிச் செவிலியர், வயிற்று வலி, தலைசுற்றல் என்று தம்மிடம் வந்த பிள்ளைகளுக்கு உண்மையில் இருந்தது பசிதான் என்று கண்டு உதவி கேட்டார். அதிலிருந்து பிறந்ததே, வெள்ளிக்கிழமை மாலையில் பிள்ளையின் முதுகுப்பையில் வார இறுதிக்கான உணவை வைத்து அனுப்பும் முறை. இங்கும் மறைப்பே முதன்மையானது: உணவு சாதாரணப் புத்தகப்பையில் போக வேண்டும், மற்றவர் பார்வையில் படாமல் போக வேண்டும். சிறு பிள்ளை தூக்கக்கூடிய எடையாகவும், பெரியவர் வீட்டில் இல்லாதபோதும் அடுப்பின்றி உண்ணக்கூடியதாகவும் இருக்க வேண்டும். வீட்டில் பள்ளி வயதை எட்டாத தம்பி தங்கையர் இருப்பார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. ஒருவருக்கென்று அனுப்பும் உணவை மூவர் பகிர்ந்துகொள்வார்கள்.

2020 அக்டோபரில், விடுமுறையில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பிரிட்டன் நாடாளுமன்றம் தோற்கடித்தது. கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் அதற்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த சில நாள்களில் உணவகங்களும் நகர மன்றங்களும் அக்கம்பக்கத்தாரும் நாங்கள் தருகிறோம் என்று முன்வந்தனர். நவம்பரில் அரசு இறங்கிவந்து, விடுமுறைக்கால உணவுத் திட்டத்தை 2021-இல் இங்கிலாந்து முழுவதும் விரிவாக்குவதாக அறிவித்தது. அத்திட்டத்தில் விளையாட்டும் பிற செயல்பாடுகளும் உணவோடு சேர்ந்தே வருகின்றன. நான் சொல்லிவரும் மறைப்புக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. பிள்ளை விளையாட வருகிறது; இடையில் எல்லாரும் உண்கிறார்கள்; எழுந்து மறுபடி விளையாடப் போகிறார்கள்.

நேரம் முடியப்போகிறது என்று நிலையத்தார் கைகாட்டுகிறார்கள். உணவின் தூய்மை பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் ஆற விடாதீர்கள். சூடாகப் பரிமாறும் உணவு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கக்கூடாது. கை கழுவ நீரும் சோப்பும் உணவுக்கு முன்பே தயாராக இருக்கட்டும். எந்த உணவாவது உடம்புக்கு ஒவ்வாதா என்பது மட்டும் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் தவறாமல் கேட்க வேண்டியது. பெரியவர் ஒருவர் தனியே பிள்ளைகளோடு இருக்கும் நிலை வராமல் எப்போதும் இருவராவது இருங்கள். வரமுடியாதவருக்குப் பதிலாக யார் வருவார் என்பதை முந்தைய நாளே முடிவு செய்துவிடுங்கள், ஏனெனில் ஒருநாள் கதவு பூட்டியிருந்தால் பிள்ளைகள் அடுத்த நாள் வந்து பார்க்கமாட்டார்கள்.

நன்றி, வணக்கம்.