மேடையில் இன்னொரு நாற்காலி வேண்டும்

விழாத் தலைவர் அவர்களே, தொடக்கவுரை ஆற்றி அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, போட்டிக் காலத்தின் நெருக்கடியிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களே, தடகளச் சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மூத்த நிருபர் பெருமக்களே, பயிற்சியாளர்களே, இதழியல் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிருபர் கேட்கும் கேள்வியே பாதிச் செய்தி என்று முதல்வர் அவர்கள் சொன்னார்கள். எனக்கு அது நல்ல அடித்தளம். மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்கள் கடைசிவரை இருப்பதாகச் சொன்னது எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. அவர்களிடம் வைக்க ஒரு கோரிக்கை இருக்கிறது.

விளையாட்டு நிருபரைத் திணறடிப்பவர்கள் நான்கு வகை. வாய் திறக்காதவர், சீறுகிறவர், மனப்பாடமாக ஒப்பிக்கிறவர், மொழி தடுக்கிறவர். நால்வருக்கும் பொதுவாக நம் முன்னோர் சொன்னது ஒன்று உண்டு: பதறாத காரியம் சிதறாது.

வாய் திறக்காதவரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கால்பந்தில் சியாட்டில் சீஹாக்ஸ் அணிக்கு ஆடிய மார்ஷான் லிஞ்ச், நிருபர்களிடம் பேச மறுத்ததற்காக 2014 நவம்பரில் ஒரு லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. 2015 ஜனவரியில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டிக்கு முன் நடந்த ஊடக நாளில் வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அபராதம் வேண்டாம் என்றுதான் வந்திருக்கிறேன் என்ற ஒரே பதிலை 29 முறை சொல்லிவிட்டு எழுந்து போனார். நிருபர்களைச் சந்தித்தே ஆக வேண்டும் என்ற விதிமுறை அவர் உடலை நாற்காலிக்குக் கொண்டுவந்தது, வாயைத் திறக்கவில்லை. 2021 பிரெஞ்சு ஓப்பனில் நவோமி ஒசாகாவுக்கும் விதியைத்தான் காட்டினார்கள். முதல் சுற்றுக்குப் பிறகு செய்தியாளர் சந்திப்புக்கு வராததற்கு 15,000 டாலர் அபராதம். தொடர்ந்தால் போட்டியிலிருந்தே நீக்க நேரலாம் என்று நான்கு கிராண்ட்ஸ்லாம் அமைப்புகளும் சேர்ந்து அறிக்கை விட்டன. மறுநாள் அவர் போட்டியிலிருந்து விலகினார். 2018 முதல் மனச்சோர்வோடு போராடி வருவதை அப்போதுதான் வெளியே சொன்னார். மிரட்டி வாங்கும் பேட்டியில் யாருக்கும் லாபமில்லை.

இப்படிப்பட்டவரிடம் என்ன செய்வது? "எப்படி உணர்கிறீர்கள்?" என்ற கேள்வியைக் கைவிடுங்கள். அதற்கு "நன்றாக இருக்கிறது" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. அவர் கை கால் செய்த வேலையைக் கேளுங்கள். "மூன்றாவது எறிதலில் ஓட்டத்தைக் குறைத்தீர்களே, ஏன்?" என்று கேட்டால் பேசாதவரும் பேசுவார். கவனித்துப் பார்த்த ஒருவர் கேட்கிறார் என்பது அவருக்குப் புரிந்துவிடும். கேள்வி பத்துப் பன்னிரண்டு சொல்லைத் தாண்ட வேண்டாம். ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டால் எளிதானதற்கு மட்டும் பதில் வரும். பதில் முடிந்ததும் மனத்துக்குள் ஒன்று முதல் நான்குவரை எண்ணுங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவரே ஒரு வாக்கியம் சேர்ப்பார், பல நாள் அதுதான் தலைப்பாகும். புதிய நிருபர்கள் அந்த நான்கு விநாடியைப் பொறுக்காமல் அடுத்த கேள்வியை வீசிவிடுகிறார்கள். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

அடுத்தது சீறுகிறவர். 2016 மார்ச் 31, மும்பை வான்கடே மைதானம், டி20 உலகக் கோப்பை அரையிறுதி. இந்தியா 192 எடுத்தது. கோலி ஆட்டமிழக்காமல் 89. அந்த ஸ்கோர் போதும் என்றுதான் நாடே நினைத்தது. வெஸ்ட் இண்டீசின் சிம்மன்ஸ் கேட்ச் கொடுத்தார், பந்து வீசியவர் நம் அஷ்வின், அது நோபால். அதே சிம்மன்ஸ் மறுபடி கேட்ச் கொடுத்தார், வீசியவர் பாண்டியா, அதுவும் நோபால்! சிம்மன்ஸ் 82 ரன்னோடு கடைசிவரை நிற்க, இரண்டு பந்து மீதமிருக்க வெஸ்ட் இண்டீஸ் வென்றது. அந்தத் தோல்வியைச் சுமந்துகொண்டு தோனி செய்தியாளர் அறைக்கு வருகிறார். ஆஸ்திரேலிய நிருபர் ஒருவர் எழுந்து, தொடர்ந்து ஆட விருப்பம் இருக்கிறதா என்று கேட்கிறார்.

தோனி கத்தவில்லை. சிரித்தார். இங்கே வாருங்கள் என்று அந்த நிருபரை மேடைக்கே அழைத்தார். தயங்கியவரை விடவில்லை. தோளில் கை போட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். நான் ஓய்வு பெற வேண்டுமா என்று கேட்டார். இல்லை, உங்களிடம் கேட்கத்தான் கேட்டேன் என்றார் இவர். இந்திய நிருபர் கேட்டிருந்தால், விக்கெட் கீப்பராக ஆடும் மகனோ தம்பியோ உங்களுக்கு இருக்கிறாரா என்று கேட்டிருப்பேன் என்றார் தோனி. அறை முழுக்கச் சிரிப்பு. நான் ஓடுவதைப் பார்த்தால் உடல்தகுதி இல்லாதவனாகத் தெரிகிறதா? இல்லை, மிக வேகமாக ஓடுகிறீர்கள். 2019 உலகக் கோப்பைவரை தாங்குவேனா? நிச்சயமாக. அப்படியானால் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்! சொன்னபடியே 2019 உலகக் கோப்பையில் ஆடினார், மான்செஸ்டர் அரையிறுதிதான் அவருடைய கடைசி சர்வதேச ஆட்டம்.

இதைப் பார்த்து எல்லாரும் ரசித்தார்கள். நிருபர்கள் ரசித்ததோடு நிற்கக் கூடாது, பாடமாகப் படிக்க வேண்டும். கேள்வி நியாயமானதுதான். வைத்த இடம் தவறு. தோற்ற சூட்டில், ஆட்டத்தைப் பற்றிய கேள்விகளுக்கு நடுவே, ஆம் இல்லை என்று முடியக்கூடிய எதிர்காலக் கேள்வி. முதலில் நோபாலைக் கேட்க வேண்டும், பனியில் பந்து நனைந்ததைக் கேட்க வேண்டும், பிறகு "அடுத்த உலகக் கோப்பைக்கு உங்கள் உடலை எப்படித் தயார் செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால் அதே செய்தி வேறு வழியில் வரும். தனிப் பேட்டி என்றால் கடினமான கேள்வியை முக்கால் பங்கு நேரத்தில் வையுங்கள். முதலிலேயே வைத்தால் கதவு சாத்தப்படும். கடைசிவரை வைத்திருந்தால் ஊடக மேலாளர் "நேரம் முடிந்தது" என்று எழுந்துவிடுவார். அந்த ஆஸ்திரேலிய நிருபர் மேடையில் முகம் சுளிக்காமல் உண்மையான பதிலைச் சொன்னாரே, அந்த நிதானத்தை மனமாரப் பாராட்டுகிறேன்.

சில நேரம் கேள்விதான் வீரரைக் கடினமானவராக்குகிறது. 2017 மகளிர் உலகக் கோப்பைக்கு முன் மிதாலி ராஜிடம், பிடித்த ஆண் கிரிக்கெட் வீரர் யார் என்று கேட்டார்கள். ஆண் வீரரிடம் பிடித்த வீராங்கனை யார் என்று கேட்பீர்களா என்று திருப்பிக் கேட்டார் அந்தத் தமிழ்க் குடும்பத்துப் பெண். அவர் கேட்டதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதால் அதை விட்டு நான்காவதுக்கு வருகிறேன், என் மனம் முழுக்க இருப்பதும் அதுதான்.

2014 ஏப்ரலில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் மைக்கேல் பினேடா, பந்து வீசுகிறவர் பயன்படுத்தக் கூடாத பைன் தார் என்ற பிசினைக் கழுத்தில் பூசியிருந்ததற்காக ஆட்டத்தின் நடுவே வெளியேற்றப்பட்டார். டொமினிகன் குடியரசில் பிறந்தவர், தாய்மொழி ஸ்பானிஷ். அன்று நிருபர்கள் கூட்டத்தின் முன் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஆங்கிலத்தில் தடுமாறி நின்றார். அணித் தோழர் கார்லோஸ் பெல்ட்ரான் அதைப் பொறுக்காமல் வீரர்கள் சங்கத்தில் முறையிட்டார். 2016 முதல் அமெரிக்கப் பேஸ்பாலின் உச்சத் தொடரான மேஜர் லீக்கின் 30 அணிகளும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர்களை வைத்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. ஒரு வீரர் எழுப்பிய குரல் சாதித்த காரியம் அது.

நம் சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டி நடராஜன், 2020–21 ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானவர். ஐபிஎல்லின் தொடக்க நாட்களில் மொழி தெரியாமல் பட்ட பாட்டை அவரே சொல்லியிருக்கிறார். கோடிகள் புரளும் இடத்திலேயே அந்த நிலை என்றால், தேசியப் போட்டியில் ஓடி முடித்து மூச்சு வாங்க நிற்கும் நம் கிராமத்துப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? போட்டி முடிந்து வரும் வீரர்களை நிருபர்கள் நின்றபடியே கேள்வி கேட்கும் கலப்பு மண்டலத்தில் (மிக்ஸ்டு சோன்) தடுப்புக் கம்பிக்கு அப்பால் முதலில் ஒளிபரப்பு உரிமை பெற்றவர்கள், பிறகு வானொலி, கடைசியில்தான் பத்திரிகை. நம் நிருபருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். அதற்குள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நாலு பேர் கேட்டு, அந்தப் பிள்ளை தலையாட்டிச் சோர்ந்திருக்கும். மறுநாள் "அதிகம் பேசாதவர்" என்று எழுதுகிறோம். அந்தப் பிள்ளை தமிழில் மணிக்கணக்கில் பேசும்!

ஆகவே மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களே, என் கோரிக்கை இதுதான். நம் மாநிலத்து வீரர்கள் செல்லும் ஒவ்வொரு தேசியப் போட்டிக்கும் அணியோடு ஒரு மொழிபெயர்ப்பாளர் போக வேண்டும். செய்தியாளர் மேடையில் வீரருக்குச் சற்றுப் பின்னால் அவருக்கு ஒரு நாற்காலி வேண்டும். பெரும் செலவில்லை, அணியோடு போகும் உடற்கல்வி ஆசிரியருக்கு இரண்டு நாள் பயிற்சி போதும். அந்தப் பயிற்சியில் சொல்லித்தர வேண்டியவை சில: இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தி மொழிபெயர்ப்பது, "அவர் சொல்கிறார்" என்று விலகாமல் "நான்" என்றே சொல்வது, சுருக்காமலும் அழகுபடுத்தாமலும் இருப்பது. நிருபர்களும் கேள்வியை வீரரின் முகம் பார்த்துக் கேட்க வேண்டும். பத்து நிமிடப் பேட்டியில் பாதி மொழிபெயர்ப்புக்கே போய்விடும், இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டு மொழியும் பதிவாகட்டும். கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரோ பயிற்சியாளரோ பக்கத்தில் இல்லாமல் பதிவைத் தொடங்காதீர்கள்.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த கால்பந்துப் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா யாருக்கும் தனிப் பேட்டி கொடுப்பதில்லை. பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டுச் சிற்றூர் நிருபரை மறுப்பது நியாயமில்லை என்பது அவர் கட்சி. தரையைப் பார்த்தபடியே பேசுவார், ஆனால் பொது அறையில் எல்லார் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். இங்கிலாந்தின் லீட்ஸ் அணியில் இருந்தபோது மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதைச் செய்தார். கடினமானவர் என்று பெயரெடுத்தவரிடமிருந்து எத்தனை முழுமையான பதில்கள் கிடைத்தன!

இதை உடனே செய்யுங்கள் என்று அவசரப்படுத்த வரவில்லை. பதறாத காரியம் சிதறாது. ஒரு தேசியப் போட்டியில், ஒரே அணியில் சோதித்துப் பார்க்கட்டும். கோரிக்கை மனு வாசலருகே உள்ள மேசையில் இருக்கிறது. நிருபர்கள் பத்திரிகையின் பெயரையும் மாவட்டத்தையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். பயிற்சியாளர்கள், உங்கள் அணியில் தமிழ் மட்டும் பேசும் வீரர்கள் எத்தனை பேர் என்பதை மூன்றாவது கட்டத்தில் குறிப்பிடுங்கள், அந்த எண்ணிக்கைதான் மனுவுக்கு வலு. கூட்டம் முடிந்ததும் செயலாளர் அவர்கள் அதை மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் நேரில் கொடுப்பார்கள். நன்றி, வணக்கம்.