பூமலையில் நிற்கும் பால்மரம்

(வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

பூமலை என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் அது. ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தவர்கள் இப்படி ஒரு சொல்லுக்கு வந்திருக்க முடியாது. நிலம் மேடும் சரிவுமாகக் கிடந்தது, மேடெல்லாம் பூ, பூமலை என்று சொல்லிவிட்டார்கள். எம்ஆர்டி ரயில் நிலையப் பலகையில் தமிழில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. ஓர் இடத்துக்குச் சொந்தமாகப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம் என்றால் நமக்கும் அதற்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும். பூமலைக்கும் நமக்கும் என்ன உறவு? அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூமலைக்குப் போகிற குடும்பம் என்ன செய்கிறது? அன்னக்குளத்தருகே கொஞ்ச நேரம். ஐந்து வெள்ளித் தாளில் அச்சாகியிருக்கும் தெம்புசு மரத்தின் முன் ஒரு படம். சீட்டு வாங்கி ஆர்க்கிட் தோட்டத்தில் ஒரு சுற்று. பிறகு புல்வெளியில் பாய் விரித்துச் சாப்பாடு. என் பிள்ளைகளை நானும் பல வருஷம் இப்படித்தான் கூட்டிப்போனேன். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்தத் தெம்புசு, தோட்டம் அமைவதற்கு முன்பிருந்தே அங்கே நிற்பது. தரையோடு தரையாகப் படுத்து நீளும் அதன் ஒற்றைக் கிளையைப் பார்க்க மட்டுமே ஒருநாள் போகலாம். அன்னக்குளம் 1866-இல் உருவானது. எண்கோண இசைமேடை 1930-இல் எழுந்தது. வெள்ளைக்காரர்கள் மாலை வேளையில் ராணுவ வாத்தியம் கேட்டு உலாவிய மேடு அது. தன்னாட்சி கிடைத்த இரண்டே மாதத்தில், 1959 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, இதே தோட்டத்தில்தான் மலாய், சீன, இந்தியக் கலைகளைச் சேர்த்து மேடையேற்றிய மக்கள் கலைநிகழ்ச்சி நடந்தது. எனக்கு அந்தத் தேதி மிகவும் பிடிக்கும்.

ஆனாலும் பூமலையின் கதை பூவில் இல்லை. காசில் இருக்கிறது. சொல்லக் கடுமையாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். 1822-இல் ராஃபிள்ஸ் இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் முதல் தோட்டத்தைப் போட்டபோதே ஜாதிக்காயும் கிராம்பும் இங்கே விளையுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். 1829-இல் அது மூடப்பட்டது. பிறகு 1859-இல் தங்லினில் ஒரு வேளாண், தோட்டக்கலைச் சங்கம் இப்போதைய தோட்டத்தைத் தொடங்கியது. பூக்கண்காட்சி, வாத்திய இசை என்று நடத்திச் சங்கத்தின் கை கடித்துவிட்டது. 1874-இல் காலனி அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அரசாங்கம் வந்த பிறகு லண்டன் கியூ தோட்டத்தோடு தொடர்பு இறுகியது. உலகின் ஒரு மூலையில் கிடைக்கும் காசுப்பயிரை இன்னொரு மூலையில் வளர்த்துப் பார்ப்பதற்கான நாற்றங்கால்களில் ஒன்றாகப் பூமலை ஆனது. 1879-இல் அதற்கென்றே பொருளாதாரத் தோட்டம் என்று ஒரு தனிப்பகுதியும் போட்டார்கள்.

அங்கே வந்து சேர்ந்தது நம் பால்மரம். கித்தா மரம். புத்தகத்தில் ரப்பர் மரம்.

1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் ஏற்றிக் கியூவுக்குக் கொண்டுவந்தார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த விதையை நான் வருணிக்க வேண்டியதில்லை, இளையவர்களுக்காகச் சொல்கிறேன். வழுவழுவென்று, பழுப்பும் சாம்பலும் கலந்த புள்ளிகளோடு இருக்கும். காய் முற்றினால் வெயிலில் பட்டென்று வெடித்து உள்ளிருக்கும் மூன்று விதைகளையும் தூரத் தெறிக்கவிடும். பிள்ளைகள் அதைச் சிமிண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்திலிருப்பவனின் தொடையில் வைப்பார்கள். பார்வைக்குக் கல்போல இருந்தாலும் உள்ளே எண்ணெய்ப் பருப்பு. சில வாரம் போனால் முளைக்கும் உயிர் போய்விடும். எழுபதாயிரத்தில் மூவாயிரம்கூட முளைக்காமல் போனதற்குக் காரணம் அதுதான். முளைத்ததில் பெரும்பங்கு இலங்கைக்குப் போனது. மறுவருஷம் 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து இறங்கின. அவற்றில் பதினொன்றைப் பூமலையில் நட்டார்கள். சில பேராக்கிலுள்ள கோலகங்சாருக்குப் போயின.

மரம் வளர்ந்தது. ஆனால் அதை என்ன செய்வது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. 1888-இல் ஹென்றி ரிட்லி இயக்குநராக வந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் செய்த காரியத்தின் நுட்பத்தை நம் பாட்டிமார்தான் கைவேலையாக அறிந்தவர்கள்.

காட்டில் பால் எடுத்தவர்கள் மரத்தைக் கோடாலியால் கொத்தினார்கள். பால் வரும், மரம் புண்ணாகும். பால் ஓடுவது பட்டையில், மரக்கட்டையை ஒட்டிய மெல்லிய அடுக்கில். அதற்கும் உள்ளே இருக்கும் உயிர்த்தோலில் உளி பட்டால் பட்டை பிறகு ஒழுங்காக வளராது, முண்டு முண்டாகப் புடைக்கும். ரிட்லி பட்டையை மட்டும் சாய்வாகச் சீவினார். அடுத்தமுறை புதிய இடத்தில் வெட்டவில்லை. அதே வெட்டின் கீழ்விளிம்பை ஒரு நூல் அளவுக்குச் சீவித் திறந்தார். பால் குறையவில்லை, கூடியது. மரமும் சாகவில்லை, பட்டை திரும்ப வளர்ந்தது. நடுவில் ஒரு கோடு, இருபுறமும் சாய்வு வெட்டுகள் என்று மீன்முள்போல மரத்தில் கோலம் போட்டதால் மீன்முள் வெட்டு என்று சொல்வார்கள். விடியற்காலையில் வெட்டினால் பால் நிறைய வரும். வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய் மரத்துக்குள் அழுத்தம் குறைந்துவிடும்.

இதையெல்லாம் கண்டுபிடித்த மனிதரை அன்றைய காப்பித் தோட்ட முதலாளிகள் பைத்தியக்கார ரிட்லி என்றார்கள். பார்க்கிறவர் சட்டைப்பையிலெல்லாம் ரப்பர் விதையைத் திணித்தாராம். 1896-இல் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் அவர் பேச்சை நம்பி முதலில் தோட்டம் போட்டார். பிறகு காப்பி விலை விழுந்தது, மோட்டார் வண்டிக்குச் சக்கரம் தேவைப்பட்டது, சிரித்தவர்களெல்லாம் வரிசையில் நின்றார்கள். 1917-க்குள் பூமலையிலிருந்து எழுபது லட்சம் விதைகள் போயிருந்தன. 1920 வாக்கில் உலக ரப்பரில் பாதியளவு மலாயாவிலிருந்து வந்தது. ரிட்லி நூறு வயது கண்டு 1956-இல் காலமானார். அவருடைய பொறுமைக்கும் கைநுட்பத்துக்கும் நான் மனமார வணக்கம் சொல்கிறேன்.

எப்படி வெட்டுவது என்று பூமலை சொன்னது. யார் வெட்டுவது என்பதற்கு நாகப்பட்டினத்தில் ஆள் தேடினார்கள்.

அங்கிருந்துதான் நம் கதை. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி தன் சொந்த ஊருக்கே போவார். மாமன் மச்சான், பங்காளி, பக்கத்துத் தெரு என்று முன்பணம் கொடுத்துச் சேர்ப்பார். 1907-இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து ஆட்களின் கப்பல் கட்டணத்தைக் கொடுக்கத் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. கங்காணி முறையில் 1938 வரைக்கும் ஆள் வந்தது. அந்த வருஷம் இந்திய அரசாங்கம் தடை போட்டது. கப்பலின் திறந்த மேல்தளத்தில் பயணம், பினாங்கில் ஜெரெஜாக் தீவில் முகாம், பிறகு லாரியோ ரயிலோ ஏறித் தோட்டம். காட்டை அழித்து ஓடைகளில் வெயில் விழத் தொடங்கியதும் மலேரியாக் கொசு பெருகியது. புதுத் தோட்டங்களில் வந்து இறங்கிய வருஷத்திலேயே மாண்டவர்கள் ஏராளம். பூமலையின் பதினொரு கன்றுகளுக்கு வந்த நாள், நட்ட இடம் எல்லாம் கணக்கில் இருக்கிறது. இந்த மனிதர்களில் எத்தனையோ பேருக்குப் புதைத்த இடம்கூடத் தெரியாது.

போர்க்காலத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1942-இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோது ஹோல்ட்டம், கார்னர் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் பூமலையிலேயே வேலையைத் தொடர அனுமதிக்கப்பட்டார்கள். ஜப்பானிய அறிஞர்களும் தோட்டத்தைக் காத்தார்கள். உலர்ந்த இலைத் தொகுப்பும் நூலகமும் சிதையாமல் பிழைத்தன. அது நல்ல காரியம், அறிவுக்குச் செய்த உபகாரம். அதே காலத்தில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில்பாதை போட ஜப்பானியர் ஏற்றிக்கொண்டு போனார்கள். பூமலையில் ஒரு செங்கல் படிக்கட்டு இருக்கிறது. ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் செய்த செங்கற்கள். சிலவற்றில் அம்புக்குறி பதித்திருக்கிறார்கள், நாங்கள் கைதிகள், எங்களை வைத்துச் செய்தது இது என்று. குனிந்து தேடினால் கையால் தொட்டுப் பார்க்கலாம். தொடும்போதெல்லாம் எனக்குச் சயாமுக்குப் போனவர்கள் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் பதித்த குறி எதையும் நான் எங்கேயும் தொட்டுப் பார்த்ததில்லை.

2015 ஜூலையில் யுனெஸ்கோ பூமலையை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ரப்பருக்குப் பெரிய இடம் உண்டு. எனக்குப் பெருமைதான். ஆனால் மரபுடைமை என்று கொண்டாடும்போது ரிட்லியின் பெயரோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான். மீதிப் பாதி நம் வீட்டில் இருக்கிறது. பெரட்டு, நிரை, உளி, மங்கு, கோட்டுப்பால். இந்த ஐந்து சொற்களை உங்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், முழிப்பார்கள். பெரட்டு என்றால் விடியுமுன் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. நிரை, ஒருவருக்கு ஒதுக்கிய மர வரிசை. உளி, பட்டையைச் சீவும் கத்தி. மங்கு, பால் வடியும் கிண்ணம். கோட்டுப்பால், முதல்நாள் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் இழை. அதை உரித்துக் கூடையில் போட்ட பிறகுதான் உளி வைக்க வேண்டும். இவ்வளவும் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகாது. மரத்தின் அடியில் நின்று சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

ஆகவே போகிறவர்கள் காலையில் போங்கள். தோட்டம் ஐந்து மணிக்கே திறந்துவிடும், நுழைவுக்குக் காசில்லை. ஐந்து மணி என்பது தோட்டத்துப் பெரட்டு நேரம். இருட்டு விலகாத அந்த வேளையில் ஈர மண்வாசத்தோடு நடந்து பாருங்கள். தங்லின் வாயில் பக்கம் ஹோல்ட்டம் மண்டபத்தில் மரபுடைமைக் காட்சிக்கூடம் இருக்கிறது, பிறகு திறந்ததும் அதற்குள் போகலாம். அன்னக்குளம் எங்கேயும் ஓடிவிடாது. முதலில் ரப்பர் மரத்தடிக்குப் போங்கள்.

என் அம்மா ஜொகூரில் ஒரு தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் பால்வெட்டினவர். சிங்கப்பூருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அவரைப் பூமலைக்கு நான் கூட்டிப்போகவில்லை. மரத்தைப் பார்க்க அவருக்கென்ன ஆசை இருக்கப்போகிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அது என் தவறு. எண்பத்து மூன்று வயதில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். ரப்பர் மரத்தின் பக்கத்தில் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். பெயர்ப்பலகையை அவர் பார்க்கவே இல்லை. பட்டையில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினார். உளியே படாத மரம்.

"நல்ல பட்டைடா," என்றார். "யாரும் வெட்டலயா?"

"இல்லம்மா, சும்மா பார்க்கறதுக்கு வச்சிருக்காங்க."

அவர் பதில் சொல்லவில்லை. வலது கையின் கட்டைவிரல் நகத்தைப் பட்டையின் இடப்பக்க மேட்டில் வைத்து, வலப்பக்கம் கீழே சரிவாக, ஒரே இழுப்பில் ஒரு கோடு போட்டார். மரத்தில் தடம் எதுவும் விழவில்லை. கோடு முடிந்த இடத்தில் இடது கையைக் குழித்துப் பிடித்துக்கொண்டார், மங்கு வைப்பதுபோல. கை நடுங்கவில்லை. வீட்டில் காப்பிக் குவளை பிடித்தாலே நடுங்குகிற கை.

"ஆழமா போயிட்டா கிராணி திட்டுவாரு," என்றார். "என் நிரையில ஒரு மரத்துலகூட முண்டு இருக்காது."

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தங்லின் வாயிலில் நிற்பேன். தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்களை அழைத்து வாருங்கள். சக்கர நாற்காலி போகப் பாதை நன்றாக இருக்கிறது, தள்ளுவதற்கு என்னோடு நான்கு இளைஞர்கள் வருகிறார்கள். வீட்டில் பழைய உளி கிடந்தால் அதன் படத்தை எடுத்து வாருங்கள், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். மழை பெய்தால் அடுத்த ஞாயிறு. மழைநாளில் பால் வெட்டுவதில்லை அல்லவா.

நன்றி, வணக்கம்.