பல்க் எஸ்எம்எஸ் வாங்கும் முன்: ஒப்பந்தத்தில் எந்த வரியைப் பார்ப்பது?

[திரையில்: கடைக் கணினி. பணம் கட்டும் பக்கம். ‘விதிமுறைகளை ஏற்கிறேன்’ என்ற கட்டம்.]

தீபாவளித் தள்ளுபடியை வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல ஒரு லட்சம் எஸ்எம்எஸ் கிரெடிட் (முன்கூட்டியே பணம் கட்டி வாங்கும் எஸ்எம்எஸ் இருப்பு) வாங்குகிறீர்கள். இந்தக் கட்டத்தில் டிக் போட்டதும் ஒப்பந்தம் முடிந்தது. தனியாகக் கையெழுத்தெல்லாம் பெரும்பாலும் கிடையாது. அதனால் டிக் போடும் முன் கொஞ்சம் நிதானிப்போம்.

முதலில், அந்த ஆவணத்தில் ‘ஒரு எஸ்எம்எஸ்’ என்றால் என்ன என்று பாருங்கள். ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரு எஸ்எம்எஸ். தமிழில் 70 தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் போகும். துண்டுகளை ஒட்டும் குறிப்புக்கும் இடம் தேவை என்பதால் ஒவ்வொன்றிலும் 67 தான் மிஞ்சும்.

[திரையில்: வணக்கம் = 7]

இன்னொன்றும் இருக்கிறது. ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஏழு, ஏனென்றால் புள்ளியையும் அது தனியாக எண்ணுகிறது. கால், கொம்பு எல்லாமே அப்படித்தான். இப்படி எண்ணி 200 வரும் தமிழ்ச் செய்தி மூன்று துண்டாகும். பத்தாயிரம் பேருக்கு அனுப்பினால் முப்பதாயிரம் கிரெடிட் போய்விடும். தமிழில் எழுதுகிற கடைக்காரருக்கு என்னைப் பொறுத்தவரை இதுதான் மிக முக்கியமான வரி. விலைப் பட்டியலில் இது பெரிதாகத் தெரியாது, ஒப்பந்தத்துக்குள் தேட வேண்டும்.

அப்புறம், காசு எப்போது கழியும்? எஸ்எம்எஸ் விற்கும் நிறுவனம் செய்தியை மொபைல் ஆபரேட்டரிடம் கொடுத்ததுமா, வாடிக்கையாளரின் போனில் சேர்ந்த பிறகா? ‘சமர்ப்பித்த செய்திக்குக் கட்டணம்’ என்று எழுதியிருந்தால், அணைந்து கிடக்கும் போனுக்கு அனுப்பியதற்கும் நீங்கள்தான் கட்டுவீர்கள்.

செய்தி நடுவழியில் நிற்க வேறு காரணமும் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, அனுப்பும் நிறுவனம் (அதாவது உங்கள் கடை), ஹெடர் (அனுப்புநராகத் தெரியும் பெயர்), டெம்ப்ளேட் (செய்தியின் மாதிரி வாசகம்) மூன்றும் ஆபரேட்டர்களின் பதிவுத் தளமான டிஎல்டியில் பதிவாகியிருக்க வேண்டும். பதிந்த டெம்ப்ளேட்டோடு பொருந்தாத செய்தியை ஆபரேட்டர் தடுத்துவிடுவார். 2021 மார்ச் 8 அன்று இந்தச் சரிபார்ப்பு முழுமையாக அமலுக்கு வந்தபோது, வங்கி ஓடிபிகள்கூடப் போய்ச் சேரவில்லை. மறுநாளே டிராய் அதை ஏழு நாளுக்கு நிறுத்தி வைத்தது. 2024 அக்டோபர் முதல், செய்தியில் லிங்க் இருந்தால் அதையும் முன்பே பதிந்திருக்க வேண்டும். இப்படித் தடுக்கப்பட்ட செய்திக்கு கிரெடிட் திரும்ப வருமா? ஒப்பந்தத்தில் பதில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

ஹெடரை உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே பதியுங்கள். “நாங்களே பார்த்துக்கொள்கிறோம் சார்” என்று எஸ்எம்எஸ் விற்பவர்கள் சொன்னாலும், டிஎல்டி லாகின் உங்கள் கையில் இருக்கட்டும். நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் அதே பெயரில் அனுப்பலாம்.

[திரையில்: ‘பெறுநரின் சம்மதம் வாடிக்கையாளரின் பொறுப்பு’]

இங்கே ‘வாடிக்கையாளர்’ என்றால் நீங்கள். யாரிடமோ விலைக்கு வாங்கிய நம்பர் பட்டியலுக்கு விளம்பரம் அனுப்பி, அவர்களில் ஒருவர் 1909 என்ற புகார் எண்ணில் புகார் செய்தால், எஸ்எம்எஸ் நிறுவனம் இந்த வரியைத்தான் காட்டும். முன்னறிவிப்பு இல்லாமல் கணக்கை நிறுத்தும் உரிமையும் பெரும்பாலும் இதன் பக்கத்திலேயே இருக்கும். நிறுத்திவிட்டால் மீதி கிரெடிட் என்னவாகும், எத்தனை மாதத்தில் காலாவதியாகும் என்பதையும் அங்கேயே பாருங்கள்.

இழப்பீட்டு உச்சவரம்பு, வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் என்பவை வழக்கமான வரிகள். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒன்று இருக்கும்: ‘இந்த ஆவணத்தில் இல்லாத எந்த வாக்குறுதியும் செல்லாது.’ சேராத செய்திக்குக் காசில்லை என்று சேல்ஸ் ஆள் போனில் சொன்னது அதோடு சரி. அவர் சொன்னதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதி, ஒப்பந்தத்தின் பகுதியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பதில் வந்த பிறகு டிக் போடலாம்.