தவளைக்கும் நடுவர் உண்டு

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம். எனக்கு ஏழு நிமிடம். வணக்கத்திலேயே ஒரு நிமிடம் போய்விடும் என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

‘வயலோரச் சிற்றூரில் வாழ்வது வரமா, வனவாசமா?’ நான் வரம் என்று பேச வந்தவன். எனக்கு முன்னால் பேசிய அம்மையார் வனவாசம் என்றார். எரு போடும் காலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது என்றார். உண்மை. அறுவடை இயந்திரம் இறங்கினால் கொடியில் காய்கிற துணியெல்லாம் தூசி என்றார். உண்மை. அறுப்பு முடிந்ததும் வயல் எலி வீட்டுக்குக் குடிவருகிறது என்றார். அதுவும் உண்மை, வாடகை தருவதில்லை என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன். மருந்து தெளிக்கிற நாளில் காற்று வீட்டுப் பக்கம் திரும்பும் என்றாரே, அதற்கு மட்டும் என்னால் வேடிக்கையாகப் பதில் சொல்ல முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டியதுதான்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் உட்காரப் போகும்போது ஒன்று சொன்னார் பாருங்கள்: “இரவு எட்டு மணிக்கு மேல் அந்த ஊரில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. தவளைகள்தான் பட்டிமன்றம் நடத்தும். அதற்கும் நடுவர் கிடையாது!” நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், மரியாதைக்கு. இதற்குப் பதில் சொல்லாமல் நான் வீட்டுக்குப் போக மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு சேவல் கதை.

பிரான்ஸ் நாட்டில் ஒலேரான் என்று ஒரு தீவு. அதில் ஒரு சிற்றூர். அங்கே மோரீஸ் என்று ஒரு சேவல். ஐயா, மோரீஸ் என்பது சேவலின் பெயர், வீட்டுக்காரர் பெயர் அல்ல. விடுமுறைக்கு வந்து தங்குவதற்காகப் பக்கத்தில் வீடு வைத்திருந்த ஒரு தம்பதி, இந்தச் சேவல் விடியற்காலையில் கூவுகிறது என்று வழக்குப் போட்டார்கள். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, மறுபடியும் சொல்கிறேன். சேவல். கூவுகிறது. விடியற்காலையில். இதுதான் குற்றச்சாட்டு! மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூவியிருந்தால் நானே வழக்குப் போட்டிருப்பேன். தன் வேலையை நேரத்தில் செய்ததற்காக ஒருவன் நீதிமன்றம் போனது அதுதான் முதல்முறையாக இருக்கும்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மோரீஸுக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டார்கள். 2019 ஜூலையில் விசாரணை. மோரீஸ் வரவில்லை. அதற்குப் பதிலாக, தங்கள் வீட்டுக் கோழிகளைத் தூக்கிக்கொண்டு ஆதரவாளர்கள் வந்துவிட்டார்கள். நினைத்துப் பாருங்கள்: நீதிமன்ற வாசல், கறுப்பு அங்கி போட்ட வழக்கறிஞர்கள், நடுவே கக்கத்தில் கோழியோடு ஆட்கள். எந்த வழக்குக்கு வந்தீர்கள் என்று வாசற்காவலர் கேட்டிருக்கவே மாட்டார்.

செப்டம்பரில் தீர்ப்பு. சேவல் கூவலாம். வழக்குப் போட்டவர்கள் 1,000 யூரோ நஷ்டஈடு தர வேண்டும். அத்தோடு விடவில்லை. 2021 ஜனவரியில் நாட்டுப்புறத்தின் ஒலியும் மணமும் அதன் மரபில் சேர்ந்தவை என்று அந்த நாட்டில் சட்டமே வந்துவிட்டது. எரு நாற்றம் பற்றிப் பேசிய அம்மையார் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாவம், மோரீஸுக்குத்தான் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 2020இலேயே கண்ணை மூடிவிட்டது.

இந்தக் கதைக்கும் தலைப்புக்கும் பெரிய சம்பந்தமில்லை என்று நடுவர் முகத்தில் தெரிகிறது. நல்ல கதை, விட மனம் வரவில்லை. சம்பந்தம் வேண்டுமென்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: அந்தத் தம்பதிக்கு அங்கே சத்தம் பொறுக்கவில்லை, அம்மையாருக்கு அங்கே சத்தம் போதவில்லை. மூன்று பேரையும் ஒரே வீட்டில் குடிவைத்தால் தீர்ந்தது.

இப்போது தவளைக்கு வருகிறேன். வயலில் அப்படித் தொண்டை கிழியக் கத்துவது பெரும்பாலும் ஆண் தவளைகள். தாடைக்குக் கீழே ஒரு பை. அதை பலூன் போல ஊதிக்கொண்டு, நான்தான் நான்தான் என்று கத்தும். எதற்கு? எங்கோ சத்தமில்லாமல் ஒரு பெண் தவளை உட்கார்ந்திருக்கிறதே, அதற்காக. அது எல்லோரையும் கேட்கும். கேட்டு முடித்து, ஒருவனை நோக்கிப் போகும். தீர்ப்பு முடிந்தது. அம்மையாரே, தவளைக்கு நடுவர் இல்லை என்றீர்களே! யாருக்கும் மணி அடிக்காமல், முழுதாகக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிற நடுவர் அங்கேதான் இருக்கிறார். ஐயா, நான் தங்களைச் சொல்லவில்லை.

பேச்சுத் துணைக்கு ஆளில்லை என்றார். அதற்கும் தவளையை வைத்தே பதில் சொல்கிறேன். தவளை கத்துகிற இடத்தில் ஆள் நடந்தால், அந்த இடம் மட்டும் சட்டென்று அடங்கிவிடும். ஆள் தாண்டிப் போன பிறகு ஒன்று மெல்லத் தொடங்கும், பிறகு மற்றவை சேர்ந்துகொள்ளும்.

எங்கள் வீட்டுப் பின்பக்க ஜன்னல் வயலைப் பார்த்தது. அப்பா இரவில் தண்ணீர் பாய்ச்சப் போவார். கையில் டார்ச் இருக்கும். பேட்டரி வீணாகிறது என்று அதை அணைத்தே வைத்திருப்பார். வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டு அம்மா ஜன்னலோரம் படுத்திருப்பார், பக்கத்தில் நான். “அப்பா எங்கே அம்மா?” என்பேன். “பேசாமல் கேள்” என்பார். தூரத்து மூலையில் சத்தம் அறுந்திருக்கும். “மடையில் நிற்கிறார்.” கொஞ்ச நேரத்தில் அந்த மூலை மறுபடி கத்தத் தொடங்கும், இந்தப் பக்கம் ஒரு துண்டு அடங்கும். “வரப்பில் ஏறிவிட்டார்.” அந்த அமைதி நகர்ந்து நகர்ந்து, கிணற்றைத் தாண்டி, வேலிவரை வரும். அம்மா எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்குவார். அப்பா ஒருநாளும் கதவைத் தட்டியதில்லை.

அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. வந்த உறவினர்கள் எல்லாம் திரும்பிப் போய், வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்த முதல் இரவு. தூக்கம் வரவில்லை. சத்தமில்லாமல் பின்வழியாக இறங்கி வரப்போடு நடந்தேன். மடைவரை போனேன். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். கிணற்றைத் தாண்டி வேலிக்குத் திரும்பி வந்தபோது, நான் சாத்திவிட்டுப் போன கதவு திறந்திருந்தது. அம்மா தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

மணி கேட்டுவிட்டது ஐயா. எலிக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. உட்கார்ந்துகொள்கிறேன்.